பழைய என்ஜினின் முதல் நிறம்

பழைய கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருண்டை விளக்கு, வளைந்த மட்கார்டு, கனமான பம்பர். சிலர் இந்தக் கார்களைத் தேடிப் போய் வாங்குகிறார்கள். அவர்கள் ஷெட்டுக்கு வந்து சொல்வது ஒன்றுதான்: “தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கிக் கொடுங்கள்.”

வெளி பாடியின் நிறத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கதவின் உட்புறம் பார்க்கலாம். ஸ்டெப்னி வைக்கும் இடம் பார்க்கலாம். என்ஜின் அப்படி இல்லை. பானெட்டைத் திறந்தால் கிரீஸ், புகைக்கரி, துரு. எல்லாம் ஒரே கறுப்பு.

என்ஜினுக்கும் நிறம் உண்டா? உண்டு. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். அதனால் தொழிற்சாலையிலேயே அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு நிறம் வைத்துக்கொண்டது. ஆனால் அந்த நிறம் எல்லா வருடமும் ஒன்றாக இருக்கவில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

செவர்லே காரை எடுத்துக்கொள்வோம். இது அமெரிக்கக் கார். ஆனால் நம் நாட்டுக்குப் புதிது அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் சேவ்ரி என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டி விற்றார்கள். 1954-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

அந்தக் காலத்துச் செவர்லே காரில் ஆறு சிலிண்டர் என்ஜின் இருக்கும். 216 என்று அதற்குப் பெயர். 1937 முதல் 1953 வரை அதைச் செய்தார்கள். அதன் நிறம் சாம்பல். ஆனால் கடையில் போய் “செவர்லே என்ஜின் பெயின்ட்” என்று கேளுங்கள். ஆரஞ்சு டப்பாவைத்தான் எடுத்து நீட்டுவார்கள்! ஏன்? 1955-இல் வந்த எட்டு சிலிண்டர் என்ஜின் ஆரஞ்சு நிறத்தால் பெயர் பெற்றது. படங்களில் வருவதும் அதுதான். அதனால் செவர்லே என்றாலே ஆரஞ்சு என்று ஆகிவிட்டது. 1948-ஆம் வருடக் காருக்கு ஆரஞ்சு அடித்தால், தாத்தாவுக்குப் பேரன் சட்டையை மாட்டியது போல இருக்கும்.

மற்றக் கம்பெனிகளும் இப்படித்தான். அமெரிக்க ஃபோர்டு என்ஜின்கள் 1966 முதல் நீல நிறத்தில் வந்தன. அதற்கு முன் வேறு வேறு நிறங்கள். இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காரில் முதலில் கருஞ்சிவப்பு, பிறகு கறுப்பு. ஆகவே காரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. என்ன என்ஜின், எந்த வருடம் என்று தெரிய வேண்டும்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? என்ஜினே சொல்லும். வார்க்கும்போதே அதன் மேல் எழுத்தும் எண்ணும் புடைப்பாக வந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். செவர்லே என்ஜினில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது மாதம். ‘ஏ’ என்றால் ஜனவரி. ‘பி’ என்றால் பிப்ரவரி. இப்படியே ‘எல்’ வரை பன்னிரண்டு மாதம். அடுத்த எண் தேதி. கடைசி எண் வருடத்தின் கடைசி இலக்கம். ‘சி 12 8’ என்று இருந்தால் மார்ச் 12, வருடம் 8-இல் முடியும். அது 1938 ஆகவும் இருக்கலாம், 1948 ஆகவும் இருக்கலாம். என்ஜினின் மாடலைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் பல பழைய கார்களில் என்ஜினையே மாற்றியிருப்பார்கள். பெட்ரோல் செலவு தாங்காமல் டீசல் என்ஜின் வைத்திருப்பார்கள். அது அந்தக் காலத்துக் கஷ்டம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த என்ஜினில் காரின் முதல் நிறத்தைத் தேடினால் கிடைக்காது. இதைக் கார்க்காரரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கூலியில் தகராறு வரும்.

இனி, நிறத்தைத் தேடுவோம். வெயில், சூடு, ஆயில், பிரஷ் எதுவும் போகாத இடம் எது? செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள். அதன் பின்புறம் என்ஜினைப் பாருங்கள். டைனமோ பிடிக்கும் கிளாம்பின் அடியில் பாருங்கள். போல்ட் தலைக்கும் வாஷருக்கும் கீழே ஒரு வட்டம் தெரியும். ரிவிட் அடித்த தகட்டின் ஓரம் பாருங்கள். ஆனால் தகட்டைப் பெயர்த்து எடுக்காதீர்கள். தகடு போனால் காரின் மதிப்பும் போகும். கிளாம்பு மாட்டிய பிறகு பெயின்ட் அடித்திருந்தால் அதன் அடியில் வெறும் இரும்புதான் இருக்கும். அப்போது வேறு இடம் தேட வேண்டும்.

ஒரு ஷெட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

“அண்ணே, கிளாம்பு அடியிலே பச்சையா இருக்கு. பச்சை பெயின்ட் வாங்கிட்டு வரட்டுமா?”

“பொறு தம்பி. அது பச்சைதானா? முதல்லே நல்லாத் துடை.”

“துடைச்சிட்டேன் அண்ணே. இப்போ கொஞ்சம் சாம்பலாத் தெரியுது.”

“பார்த்தியா? பழைய ஆயில் காய்ஞ்சா மஞ்சளாப் படியும். நீலம் கலந்த சாம்பல் மேலே மஞ்சள் படிஞ்சா என்னவாத் தெரியும்?”

“பச்சையா!”

“அதான். இப்போ 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணியிலே நனைச்சு, காலணா அளவு இடத்திலே மெதுவாத் தேய். இரும்பு தெரியுற வரைக்கும் தேய். வளையம் வளையமா வரும்.”

“ஆமாம் அண்ணே. வெங்காயம் நறுக்கின மாதிரி இருக்கு.”

அந்த வளையங்கள்தான் என்ஜினின் கதை. நடுவில் இரும்பு. அதை ஒட்டி முதல் பெயின்ட். வெளியே போகப் போகப் பிறகு அடித்தவை. இரும்பை ஒட்டிய வளையம்தான் நமக்கு வேண்டும். ஆனால் அது செங்காவி நிறமாக இருந்தால் யோசியுங்கள். அது பிரைமராக இருக்கலாம். அப்படியானால் அதற்கு அடுத்த வளையத்தைப் பாருங்கள். ஓர் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று இடத்திலாவது பாருங்கள். மூன்றும் ஒத்து வந்தால் சரி.

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னார் அல்லவா? அது பளபளப்புக்காக மட்டும் இல்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த தாளால் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். அது மூச்சில் போகும். கையில் ஒட்டி வாய்க்குப் போகும். சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வரும். வீட்டில் குழந்தை மடியில் வந்து உட்காரும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் அடித்த பெயின்டுக்கு எந்த விதியும் காவல் இல்லை. அதனால் பழைய பெயின்ட் எல்லாவற்றிலும் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நனைத்துத் தேய்த்த சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துத் தனியாகக் கட்டி வையுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. தூளுக்கென்று உள்ள மாஸ்க் வேண்டும். சாப்பிடும் முன், பீடி எடுக்கும் முன், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலைச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். பழைய கிளட்ச் பிளேட்டிலும் பேக்கிங்கிலும் கல்நார் இருக்கும். அந்தத் தூளைக் காற்று அடித்து ஊதவே கூடாது.

முதல் நிறம் தெரிந்துவிட்டது. இனி அதைப் போலக் கலக்க வேண்டும். சாம்பல் என்றால் வெள்ளை, கறுப்பு, துளி நீலம். எப்போதும் வெள்ளையில் கறுப்பை விடுங்கள். கறுப்பில் வெள்ளையை விட்டால் டப்பா டப்பாவாக ஊற்றினாலும் வெளுக்காது. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மில்லி கோடு இருக்கும். எத்தனை மில்லி விட்டோம் என்று ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதுங்கள். “கண் அளவு போதும்” என்று பெரிய மேஸ்திரிகள் சொல்வார்கள். அவர்கள் கண் நல்ல கண்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு மூடிக்கு மட்டும் அதே நிறம் வேண்டும் என்று கார்க்காரர் வந்தால், கண் அளவு நினைவில் இருக்காது. நோட்டில் இருக்கும்.

கலந்ததைத் தகரத் துண்டில் அடியுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்தால் நிறம் மாறும். மறுநாள் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். அதில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல், வெளியே வந்ததும் ஒன்று நீலமாகவும் ஒன்று பழுப்பாகவும் நிற்கும். பகலில், வாசலில், நிழலில் நின்று பாருங்கள். பழைய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் பழைய பளபளப்புத் திரும்பும். அப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயின்ட் சூடு தாங்கும் எனாமலாக இருக்க வேண்டும். புகை போகும் மேனிஃபோல்டில் அதுவும் நிற்காது. கருகி உதிரும். அதற்கு வேறு பெயின்ட். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட் இவற்றுக்கும் என்ஜின் நிறமே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் தனியாகத் தேடுங்கள். அலுமினியப் பாகமாக இருந்தால் பெரும்பாலும் பெயின்டே அடித்திருக்க மாட்டார்கள். பேக்கிங் உட்காரும் முகத்தில் பெயின்ட் படக் கூடாது. பட்டால் ஆயில் ஒழுகும். நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒழுகும் என்ஜினுக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

பயிற்சி

ஒரு செவர்லே 216 என்ஜினில் ‘எஃப் 9 7’ என்று இருக்கிறது. அதை எந்த மாதம், எந்தத் தேதியில் வார்த்தார்கள்? எந்த எந்த வருடமாக இருக்கலாம்?

வெள்ளை 20 மில்லி, கறுப்பு 4 மில்லி, நீலம் 1 மில்லி. இந்தக் கலவையில் தகரத் துண்டு சரியாக வந்தது. இப்போது 500 மில்லி வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை மில்லி? கணக்குப் போட்டு, நோட்டில் காரின் எண், தேதியோடு எழுதுங்கள்.