மாவாலையின் வளர்ச்சி

கம்பம் பள்ளத்தாக்கில் கோதுமை விளைவதில்லை. 1895-ல் திறக்கப்பெற்ற பெரியாற்றணையின் நீர் பாயும் அந்நிலத்தில் நெல்லே தலையாய பயிர். நீர் எட்டாத மேடுகளில் சோளமும் கம்பும் கேழ்வரகும் விளையும். அங்ஙனமிருந்தும் தேனி, சின்னமனூர், கம்பம் முதலிய ஊர்களில் மாலைப்பொழுது பரோட்டாக் கல் காயாத கடைத்தெருவைக் காண்டல் அரிது. இம்மாவு வந்த வழி யாது?

முன்னாளில் மாவு என்பது வீட்டுத் திரிகையிற் பிறந்தது. பின்னர்த் தெருவுக்கொரு மாவு மில் தோன்றிற்று. அதில் வீட்டார் தம் தானியத்தைக் கொணர்ந்து, கூலி கொடுத்து, தம் மாவையே திரும்பப் பெறுவர். மில்லுடையார்க்குக் கூலியேயன்றிச் சரக்கில் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. மாவாலை இதனின் வேறு. அஃது உடையார் தம் முதலால் கோதுமை வாங்கி, அரைத்து, தம் பெயர் பொறித்த மூட்டையில் விற்பர். கோதுமை விலை ஏறினும் மாவு புழுத்தாலும் நட்டம் அக்குடும்பத்தையே சாரும். மாவுத் தொழிலின் வளர்ச்சியில் கடினமான படி இதுவே என்பது நம் கருத்து.

பள்ளத்தாக்கினின்று தேனி வழியாக வடகிழக்கே செல்லும் சாலை திண்டுக்கல்லை அடைகிறது. அவ்வூரில் 1962-ல் ஒரு குடும்பத்தாரால் சிறிய மாவாலையாகத் தொடங்கப்பெற்றதே நாகா என்னும் நிறுவனம். அக்காலம் தொழிலுக்கு எளிதன்று. 1956-ல் செய்த உடன்படிக்கையின்படி அமெரிக்கக் கோதுமை கப்பலேறி வந்துகொண்டிருந்தது. கோதுமை ஆலைகளோ அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. பின்னர்ப் பஞ்சாபிலும் அரியானாவிலும் விளைச்சல் பெருகவே, வடநாட்டுக் கோதுமை தெற்கே வரலாயிற்று. இன்று நாகாவின் மைதாவும் ரவையும் ஆட்டாவும் மளிகைக்கடைகளிற் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன. சலவைத்தூள் முதலிய வேறு தொழில்களிலும் அந்நிறுவனம் கால் வைத்துள்ளது.

இனி, ஆலையினுள் நிகழ்வதைக் காண்போம். கோதுமை மணியில் ஏறத்தாழ நூற்றுக்கு 83 பங்கு வெண்பருப்பு. 14 பங்குக்குச் சற்று மேல் தவிடு. எஞ்சிய சிறு பகுதி முளை. கல்லில் அரைத்தால் மூன்றும் கலந்து பொடியாகும். 1874-ல் புடாபெஸ்ட் நகரத்து மெக்வார்ட் என்பார் கடினப்படுத்திய வார்ப்பிரும்பு உருளைகளை அமைத்த பின்னரே, இவற்றை நன்கு பிரித்தெடுக்கும் முறை எங்கும் பரவிற்று. வரியிட்ட இரண்டு உருளைகள், ஒன்று விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் சுழன்று மணியைப் பிளக்கும். சல்லடையில் ரவை ஒருபுறம், தவிடு ஒருபுறம் பிரியும். வழவழப்பான வேறு உருளைகள் ரவையை மாவாக்கும்.

பிளப்பதற்கு முன் கோதுமையில் நீர் தெளித்துச் சில மணிநேரம் ஊறவைத்தல் வேண்டும். அரைக்கப்போவதை நனைப்பதா என்று வியப்பவர் உண்டு. கம்பு குத்தும் நம் பாட்டிமாரைக் கேட்டால் விடை கிடைக்கும். நீர் தெளித்துக் குத்தினால்தான் கம்பின் தோல் பொடியாகாமல் உரிந்து வரும். கோதுமைக்கும் அதே நியாயந்தான். நீர் குறைந்தால் தவிடு பொடிந்து மாவைப் பழுப்பாக்கும். மிகுந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். யந்திரத்தைப் பணமுள்ள எவரும் வாங்கலாம். ஆனால், பருவந்தோறும் வேறுபடும் கோதுமைகளைக் கலந்து, நீரின் அளவறிந்து, சென்ற மாதத்து மூட்டையும் இம்மாதத்து மூட்டையும் ஒன்றுபோல் இருக்கச் செய்தல் பழகிய கையாலன்றி இயலாது. பரோட்டாக் கடைக்காரர் கேட்பதும் அதுவே. மாவு இழுத்த இழுப்புக்கு வராவிடில் அவர் மறுவாரம் வேறு மூட்டை வாங்குவார்.

இவ்வளர்ச்சியில் இழப்பும் உண்டு. முளையில் எண்ணெய் இருப்பதால் அது சேர்ந்த மாவு விரைவிற் சிக்கெடுக்கும். அதனை நீக்கியதாலேயே மைதா தொலைவூர்க்குச் செல்லவும் நெடுநாள் இருக்கவும் தகுதி பெற்றது. எனினும் முளையோடும் தவிட்டோடும் நார்ச்சத்தும், இரும்பும், பி வகை உயிர்ச்சத்துகளும் பெரும்பாலும் போய்விடுகின்றன. ஆலையில் நீக்கிய தவிடு மூட்டையாகி மாட்டுத்தீவனமாக விற்கப்படுகின்றது. முழுக்கோதுமை மாவை விரும்புவோர் இக்காலத்தே பெருகி வருதலால், ஆலைகள் ஆட்டாவையும் பொதிந்து விற்கின்றன. தூக்குவாளியில் கேழ்வரகு கொண்டுபோய்த் தெரு மில்லில் வரிசையாகக் காத்து நிற்கும் பெண்களையும் இன்னும் காணலாம்.