உதை குறைந்த தோட்டாவாகப் பார்த்து வாங்கு

கண்ணு,

ஷாட்கன் சான்றிதழ் வந்துவிட்டது, எந்தத் தோட்டா வாங்கட்டும் மாமா என்று கேட்டிருக்கிறாய். மலிவாகவும் இருக்க வேண்டும், மட்டமாகவும் இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு. முப்பது வருஷமாக யார்க்‌ஷயர் வயல்களில் நின்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளே என்கிற பறக்கும் தட்டைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். கோப்பை ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் ஒரு ஆள் செய்யக்கூடிய தப்பு எல்லாம் செய்து முடித்தாயிற்று. உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பதும் அதுதான்.

1. கடைக்குப் போகும் முன் மைதானத்துக்கு ஒரு போன் போடு. 250 தோட்டா சேர்ந்தது ஒரு ஸ்லாப். மொத்தமாக நாலு ஸ்லாப் எடுத்தால் விலை குறையும் என்றதும், முதல் வருஷமே ஆயிரம் தோட்டாவைக் காரில் அடுக்கிக்கொண்டு போய் இறங்கினேன். மைதானத்து அம்மாள் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் வாட். இங்கே ஆகாது" என்று கையில் திருப்பிக் கொடுத்தார். வாட் என்றால் மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கிற தக்கை. சுடும்போது அதுவும் வெளியே பறந்து வயலில் விழும். ஆடு மேய்கிற நிலத்தில் பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும், ஃபைபர் மக்கிப் போகும். அதனால் ஃபைபர் மட்டும் என்று பல மைதானங்களில் சட்டம். அந்த ஆயிரத்தையும் தீர்க்க, பிளாஸ்டிக்கை அனுமதிக்கிற இடம் தேடி ஒரு வருஷம் பெட்ரோல் எரித்தேன். மிச்சம் பிடித்த லட்சணம் அது.

2. எடை குறைந்ததை எடு. இதை மட்டும் நீ கேட்டால் போதும், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. பெட்டியின் மேல் 28, 24, 21 என்று கிராம் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் ரவையின் எடை அது. ரவை கூடக்கூட, வேகம் கூடக்கூட, துப்பாக்கி உதைப்பதும் கூடும். எனக்கு அப்போது நாற்பது வயது, தோளில் வலு இருக்கிறது என்ற நினைப்பு. கடையில் இருந்ததிலேயே வேகமான, விலை கூடிய 28 கிராமைத்தான் எடுத்தேன். மூன்று மாதத்தில் தோள் கத்தரிக்காய் நிறம் ஆனது. தோள் ஆறிவிட்டது, மனசு ஆறவில்லை. விசையைத் தொடும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், தலை கட்டையை விட்டு எழும். வெடிக்கும் முன்பே உடம்பு பயந்து ஒதுங்கியது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த கிழவர் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் எனக்குத் தெரியாமல் என் துப்பாக்கியில் காலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். தட்டு பறந்தது, விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் குழல் நுனி ஒரு சாண் கீழே குத்தியது. சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்று மதியம் 21 கிராம் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார். அந்தப் பயத்தைக் கழற்ற எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. உனக்கு அது வரவே வேண்டாம்.

ரவை குறைந்தால் தட்டு உடையாதோ என்று யோசிக்காதே. ஏழரை நம்பர் பருமன் ரவையில் 28 கிராமுக்குச் சுமார் 400 குண்டு, 21 கிராமுக்குச் சுமார் 300. தட்டின் அகலம் 110 மில்லிமீட்டர், நம் வீட்டு டபராவை விடக் கொஞ்சம் பெரிது. இரண்டு மூன்று குண்டு சரியாகப் பட்டாலே உடைந்துவிடும். ஒலிம்பிக்கில் சுடுகிறவர்களுக்கே 24 கிராம்தான். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸில் டிராப் போட்டியில் சுட்டதும் அதே எடையில்தான். அவருக்குப் போதுமானது நமக்குப் போதாதா? ஒன்றே ஒன்று: அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் சில, 21 கிராமின் உதை பற்றாமல் அடுத்த தோட்டாவை ஏற்றாது. உன்னுடையது கையால் தோட்டா போடுகிற ஓவர் அண்டர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

3. பெயரைப் பார்த்து மயங்காதே. கேம்போர், ஹல் காட்ரிட்ஜ் இரண்டும் நமக்குப் பக்கத்து ஹல் நகரத்துக் கம்பெனிகள். இன்னும் ஈலி இருக்கிறது, லயல்வேல் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. எல்லோரும் ஆரம்பக்காரர்களுக்கென்று கீழ்விலையில் ஒரு தோட்டா வைத்திருக்கிறார்கள். ஹல்லின் காம்ப் எக்ஸ், ஈலியின் ஃபர்ஸ்ட் மாதிரி. வெள்ளையடித்த இரும்புத் தகடு சில மைதானங்களில் நிற்கும். அதில் சுட்டால் ரவை விழுந்த தடம் தெரியும். ஒரு மழை நாளில் ஆள் வராததால், மலிவுத் தோட்டா ஒன்றும் விலைத் தோட்டா ஒன்றுமாக மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். பத்து தடத்தில் எது எதனுடையது என்று நண்பரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, சுட்ட எனக்கும் தெரியவில்லை. நன்றாகச் சுடுகிறவர்களுக்கு விலைத் தோட்டாவில் ஏதோ பலன் இருக்கலாம். நமக்கு அது இன்னும் வெகுதூரம். தோட்டாவில் மிச்சமாகும் காசில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்துக்கொள்.

4. ரவையின் நம்பர் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஏழரை அல்லது எட்டு வாங்கு. ஸ்கீட் என்ற போட்டி மட்டும் சுடுவதானால் ஒன்பது, அங்கே தட்டு கிட்டத்தில் வரும்.

5. எடுத்ததை ஒரு பருவம் முழுக்க மாற்றாதே. எங்கள் கூட்டத்தில் ஒருவர் மாதம் ஒரு தோட்டா மாற்றுவார். போன மாதம் வேகம் போதவில்லை என்பார், இந்த மாதம் மருந்து புகைகிறது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவரைப் பார்த்துச் சிரித்த நானும் மூன்று வருஷம் அவராகத்தான் இருந்தேன். தட்டு தப்பினால் பெட்டியைப் பார்க்காதே, உன் காலைப் பார். தட்டுக்கு முன்னால் சுட்டாயா பின்னால் சுட்டாயா என்று கேள். அநேகமாகப் பின்னால்தான்.

6. பையில் ஒரே அளவுத் தோட்டாதான் இருக்க வேண்டும். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. உன் துப்பாக்கி 12 போர். 20 போர் தோட்டா அதைவிட ஒல்லி. அதைத் தவறிப்போய் 12 போரில் போட்டால் வெளியே விழாது, குழலுக்குள் வழுக்கிப் போய்க் குறுகலில் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவனுக்கு அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று 12 போரை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கை போகும். இதற்காகவே 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஒருநாள் நண்பரின் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க 20 போர் எடுத்துப்போனேன். அடுத்த வாரம் அதே கோட்டு, என் 12 போர். வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருந்த விவசாயி, "டாக்டர், உங்கள் பையில் மஞ்சளாக ஏதோ தெரிகிறதே" என்றார். கையை விட்டு எடுத்தேன். ஒன்று அல்ல, மூன்று. அன்று சுடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கோட்டுப் பையைத் தலைகீழாக உதறுவேன். உன் அத்தை கேலி செய்வாள், செய்யட்டும்.

7. சத்தத்தைக் காதில் வாங்கு, காதை மூடிக்கொண்டேதான். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை மைதானத்தை நோக்கியே வைத்து அரை நிமிஷம் பொறு, பிறகு திற. 'டம்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதே. துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, குழல் வழியாக வானத்தைப் பார். தக்கை நடுவில் அடைத்திருக்கலாம். பின்னால் ஆள் காத்திருக்கிறாரே என்று கூச்சப்படாதே. அவசரப்படுத்துகிற ஆளும் உன் விரலுக்கு விலை கொடுக்கப் போவதில்லை.

8. தேவைக்கு மேல் சேர்த்து வைக்காதே. ஈய ரவையைக் கட்டுப்படுத்தப் போவதாக 2025-இல் பிரிட்டன் அரசு அறிவித்தது. இரும்பு ரவை வருகிறது. புதுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அதைத் தாங்கும், பழையதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடாதே. அப்படியே உன் தோட்டா அறையின் நீளத்தையும் கேட்டுக்கொள்: 65 மில்லிமீட்டர் அறை உள்ள பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டா கூடாது. அது உள்ளே போகும், அதுதான் ஆபத்து. வாங்கியதை வீட்டுக்குள் ஈரமில்லாத அலமாரியில், பூட்டி வை. கராஜில் வைத்து ஒரு ஸ்லாப் முழுக்கப் பித்தளையில் பச்சை பூக்கவிட்டவன் நான்.

சுட்டு முடித்ததும் உன் காலித் தோட்டாக்களை நீயே பொறுக்கு. உதவிக்கு ஆள் இருந்தாலும் பொறுக்கு.

இந்த ஞாயிறு பத்து மணிக்கு மைதானம் திறக்கும். கடைக்கு இன்னும் போகாதே. என்னிடம் 21 கிராம், ஃபைபர், ஏழரை நம்பர் நாலு பெட்டி இருக்கிறது. இரண்டு உனக்கு. கோட்டுப் பையை உதறிவிட்டு வா.