பால் பல்லில் வெள்ளை அடைப்பு எத்தனை காலம் நிற்கும்?



"தானாய் விழப்போகிற பல்லுக்கு எதற்குச் செலவு?" இப்படிப் பெற்றோரும் கேட்கிறார்கள், காணிக்கை அனுப்புகிறவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏழைகளுக்கென்று கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். ஆகவே இதைச் சற்று விளக்கமாய்ப் படிப்போம்.

1. பால் பல் எதுவரை தேவை?

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. 4 வயதில் சொத்தையானால், அந்தப் பல்லுக்கு இன்னும் 6, 7 ஆண்டு வேலை மீதியிருக்கிறது. அதை முன்னதாகவே பிடுங்கினால், பின்னால் முளைக்கும் நிலைப்பல் முன்னே சாய்ந்து, அடுத்து வரும் பல்லின் இடத்தை அடைத்துவிடும். பால் பல்லின் எனாமல் மெல்லியது. சொத்தை விரைவில் நரம்பைத் தொட்டு, வலியும் சீழும் உண்டாகும். வலியுள்ள பிள்ளை சரியாய்ச் சாப்பிடாது, தூங்காது, பள்ளிக்கும் போகாது.

2. வெள்ளை அடைப்பு என்பது என்ன?

முன்பு பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு வழக்கத்தில் இருந்தது. பால் பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டோருக்கும் அதைத் தவிர்க்க வேண்டுமென 2022இல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் தீர்மானித்தன. பல் நிற அடைப்பில் முக்கியமானவை இரண்டு. காம்போசிட் உறுதியானது, ஆனால் வைக்கும்போது பல் உலர்ந்திருக்க வேண்டும். அழுகிற சிறு பிள்ளையின் வாயில் அது எளிதல்ல. கிளாஸ் அயனோமர் சிமெண்ட் பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், சிறிதளவு ஃபுளோரைடையும் வெளிவிடும். ஆனால் உறுதி குறைவு.

1980களில் தான்சானியாவில் ஒரு எளிய முறை தொடங்கியது. கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து இந்தச் சிமெண்டை வைத்து அடைப்பார்கள். டிரில் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 1994இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஊக்குவித்தது. கிராம முகாம்களுக்கு இது ஏற்றது.

3. எவ்வளவு காலம் நிற்கும்?

குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கைக்கருவி முறையில் வைத்த அடைப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு அறிக்கை வெளியானது. கடைவாய்ப் பால் பல்லின் ஒரே பக்கத்தில் உள்ள குழியை அடைத்தால், 2 ஆண்டுகளுக்குப் பின்னும் 100க்கு ஏறத்தாழ 94 நன்றாய் இருந்தன. இரு பற்களுக்கு இடையே தோன்றி மேல்பக்கத்தையும் தொட்ட குழிகளில் 65 மட்டுமே நின்றன. மெல்லும்போது விழும் அழுத்தத்தை அந்த ஓரம் தாங்குவதில்லை.

4. அடைப்பு போதாதபோது

அப்படிப்பட்ட பல்லுக்கு ஸ்டீல் தொப்பி நல்லது. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால், ஊசியும் டிரில்லும் இன்றிச் சொத்தையின் மேலேயே தொப்பியை ஒட்டும் முறையைக் கையாண்டார். அங்கே நடந்த ஆய்வின் 5 ஆண்டு முடிவு 2011இல் வெளியானது. தொப்பியிட்ட பற்களில் 100க்கு 3இல் மட்டுமே வலி, சீழ் போன்ற பெரிய கோளாறு வந்தது. வழக்கமான அடைப்புகளில் 16க்கும் மேல். நரம்புவரை சொத்தை போன பல்லுக்கு மட்டும் இது உதவாது.

வெள்ளை அடைப்பு பார்வைக்கு அழகு. ஸ்டீல் தொப்பி அப்படியல்ல. ஆயினும் அடைப்பு விழுந்து மறுபடி வரும் தாய்க்கு ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகிறது. எந்தப் பல்லுக்கு எது நிலைக்கும் என்று பார்த்துச் செய்வதே உண்மையான உக்கிராணத்துவம்.

5. வீட்டில் செய்யவேண்டியது

இரவில் சர்க்கரைப் பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள். காலையும் இரவும் பெரியவர்களே பல் துலக்கிவிடுங்கள். ஃபுளோரைடு பற்பசை 3 வயதுவரை அரிசியளவு, 6 வயதுவரை பட்டாணியளவு போதும். உங்கள் ஞாயிறு பள்ளியிலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஜெபக் குறிப்புகள்

பல்வலியால் தவிக்கும் பிள்ளைகளுக்காகவும், பயந்த பிள்ளைகளிடம் பொறுமையாய்ப் பணிசெய்யும் பல் மருத்துவர்களுக்காகவும், சிமெண்டும் தொப்பிகளும் குறைவின்றிக் கிடைக்கவும் ஜெபியுங்கள். சிறு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவர் உங்கள் ஈகையையும் ஆசீர்வதிப்பாராக.