மக்கள் தேவையும் விலைப்பொருளும்

ஒருவன் ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குங்கால், அதனால் தன் தேவையொன்று நிறைவுறும் என்னும் நம்பிக்கையையும் உடன் வாங்குகின்றான். இதனை உணர்ந்த வணிகன், "என்னிடம் யாது உளது?" என்று தொடங்கான், "மக்கட்கு யாது வேண்டும்?" என்றே தொடங்குவான். அவ்வினாவிற்கு விடைகாண உளநூல் எவ்வாறு துணை செய்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க உளநூலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் மக்கள் தேவைகளை ஐவகையாக வகுத்தார். பசி, நீர்வேட்கை, உறக்கம் முதலிய உடற்றேவைகள் முதலாவன. அச்சமின்றி வாழ்தற்குரிய காப்பு இரண்டாவது. அன்பும் உறவும் மூன்றாவது. தன்மதிப்பும் பிறர் நன்மதிப்பும் நான்காவது. தன் ஆற்றல் முழுதும் மலரப்பெறுதல் ஐந்தாவது. கீழுள்ளது ஓரளவு நிறைவுற்றபின் மேலுள்ளது தலைதூக்கும் என்பது அவர் கொள்கை. எனினும், இவ்வொழுங்கு யாவர்க்கும் ஒருதன்மைத்தன்று என்றும், ஒரு செயலுக்குத் தேவை பல ஒருங்கே காரணமாதல் உண்டென்றும் அவரே கூறியுள்ளார்.

இனி, தம் தேவை யாதென்பதை வாங்குவோர் தாமே அறிந்துரைப்பரோ எனின், எப்பொழுதும் அன்று. வெந்நீரிற் கலந்த அளவில் ஆயத்தமாகும் காபித்தூளை அமெரிக்க மகளிர் பலர் விரும்பாராயினர். காரணம் வினவியபோது சுவையின்மை என்றனர். மேசன் ஹேர் என்பார் ஒரு சூழ்ச்சி செய்தார். கடைச் சாமான் பட்டிகள் இரண்டு எழுதினார். ஒன்றில் நெஸ்கபேயும் மற்றொன்றில் காய்ச்சி வடிக்கும் காபித்தூளும் இருந்தன. ஏனைய பொருள்கள் யாவும் ஒன்றே. ஒவ்வொரு பட்டியையும் வேறு வேறு மகளிரிடம் காட்டி, இதனை எழுதிய இல்லத்தலைவி எத்தன்மையள் என வினவினார். நெஸ்கபேப் பட்டியைக் கண்டோருள் ஏறத்தாழச் செம்பாதியர் அவளைச் சோம்பேறி என்றனர்! 1950ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சியால், தடையாய் நின்றது நாவின் சுவையன்று, நல்ல இல்லத்தலைவி எனப்படும் மதிப்பே என்பது புலனாயிற்று.

தேவையை அறிதல் ஒன்று. அதனை அச்சமாக்கி விற்றல் வேறொன்று. 1879ஆம் ஆண்டில் அறுவை மருத்துவத்திற்குரிய கிருமிக்கொல்லியாக அமைக்கப்பட்டது லிஸ்டரின். 1920களில் அதுவே வாய்நாற்றம் போக்குவதென விளம்பரம் பெற்றது. வாய்நாற்றத்தால் மணம் கூடாது வருந்தும் மங்கையரை அவ்விளம்பரங்கள் காட்டின. நண்பரும் அதனை வாய்திறந்து கூறார் என அச்சுறுத்தின. பொருள் அதுவே, முன்னர்ப் புண்ணைக் காத்தது, பின்னர் உறவிழப்பு என்னும் அச்சத்தால் விலைபோயிற்று.

இதற்கு மாறான செய்தியொன்று நம் தமிழகத்திலேயே உண்டு. ஷாம்பு புட்டிகளில் விற்கப்பட்ட காலத்து, நாட்கூலி பெறுவோர்க்கு அஃது எட்டாப் பொருளாயிருந்தது. அதனைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் முறையை முற்பட மேற்கொண்டாருள் ஒருவர் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன். அவர்தம் மகனார் சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் தனித்தொழில் தொடங்கிச் சிக் ஷாம்புவைச் சிற்றூர்களிற் பரப்பினார். தலைமுழுகச் சீயக்காய் பண்டே உண்டு. ஆதலின் ஈண்டுப் புதிதாய் நிறைவுற்றது, செல்வர் துய்ப்பதைத் தாமும் துய்க்கும் மதிப்பே எனலாம். ஆயினும் எறியப்பட்ட பைகள் வாய்க்காலை அடைத்தலையும் காண்கின்றோம். ஒருவர் தேவையை நிறைவிக்கும் பொருள் ஊரார் தேவைக்கு இடையூறாதலும் உண்டு போலும்.

மதிப்பை விற்கப் புகுவோர் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை ஒருகால் நோக்குதல் நன்று. பெருமிதம் பிறத்தற்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என நான்கு நிலைக்களன்களையே ஆசிரியர் கூறினார். அவற்றுள் ஒன்றேனும் கடையில் விலைக்குக் கிடைப்பதன்று. ஊர்தியும் உடையும் பெருமிதத்தின் தோற்றத்தைத் தரலாம், பெருமிதத்தைத் தாரா. ஆதலின், தோற்றத்தை விற்பவன் மீண்டும் மீண்டும் விற்பான். வாங்குவோனோ ஒருபோதும் நிறைவு எய்தான்.

கல்லூரி நீங்கி வணிகம் புக எண்ணும் மாணவ நண்பர்கள் பொருளைத் தேர்வதற்குமுன் மூன்று வினாக்களைத் தம்முட் கேட்பாராக. இப்பொருள் நிறைவிக்கும் தேவை யாது? அத்தேவை மக்கள்பால் முன்னரே உளதோ, அன்றி நாம் அச்சுறுத்தி உண்டாக்குவதோ? பொருள் அத்தேவையை மெய்யாகவே நிறைவிக்குமோ? முதல் வினாவிற்கு மட்டும் விடைகண்டோர் பொருள் ஈட்டுதல் கூடும். மூன்றிற்கும் விடைகண்டோரோ, வாங்கினோர் மீண்டும் வருங்கால் அவர் முகத்தை நேர்நோக்கி நிற்பர்.