கத்திரி வருமுன் மாடிக்கு ஏறுங்கள், வெண்டிலேட்டரைத் திறங்கள்

பங்குனி இன்னும் முடியவில்லை. அதற்குள் காலை பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் சுடுகிறது. வழக்கப்படி மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை நீடிக்கும். கையில் இருப்பது ஒரு மாதம். பலரும் இப்போது செய்யும் முதல் வேலை ஏ.சி. மெக்கானிக்குக்கு போன் போடுவது. அவர் இரண்டு வாரம் கழித்து வரட்டும், பரவாயில்லை. அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

முதலில் மொட்டைமாடி. மேல்தள வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கும் ஃபேன் அனலாக வீசுவதற்குக் காரணம் அதுதான். வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு அரசுக் கொள்கையை வெளியிட்டது. நமக்குக் கொள்கையெல்லாம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தளத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாசியும் மண்ணும் இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. விரிசலை அடைத்துக் காயவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரண்டு கோட் அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும். பணம் இருப்பவர்கள் கடையில் 'கூல் ரூஃப்' பெயிண்ட் கேட்டு வாங்கலாம். அது சில வருடம் தாங்கும், சுண்ணாம்பு ஐப்பசி மழையோடு போய்விடும். எதை அடித்தாலும் தூசி படிந்தால் பலன் குறையும், நடுவில் ஒருமுறை கழுவிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தப் பேச்சை எடுத்தால், "மேல்வீட்டுக்காரருக்குக் குளிர்வதற்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். மேல்தளத்தில் இருப்பவர்கள் செலவைத் தாங்களே பகிர்ந்துகொண்டு முடித்துவிடுவது நல்லது. சங்கக் கூட்டம் முடிவெடுப்பதற்குள் ஆடி வந்துவிடும்.

அடுத்தது மேற்கு ஜன்னல். உள்ளே திரை போட்டால் வெயில் தடுக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்று, பிறகு அறைக்குள்தான் பரவும். தடுப்பு வெளியே இருக்க வேண்டும்: மூங்கில் தட்டி, தென்னங்கீற்று, பச்சை வலை, எதுவானாலும் சரி. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டும் பழக்கம் வேலூர், கரூர், திருச்சி போன்ற காய்ந்த ஊர்களுக்குப் பொருந்தும். கடற்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் சென்னையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். ஏர் கூலருக்கும் இதே கணக்கு. கூலர் வைத்தால் ஜன்னலை மூடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஏ.சி. மாட்ட வந்தவர், ஜன்னலுக்கு மேலிருந்த வெண்டிலேட்டரைத் தெர்மகோல் வைத்து அடைத்து, மேலே டேப் ஒட்டிவிட்டுப் போனார். "இல்லேன்னா கூலிங் நிக்காது சார்" என்றார். இரண்டு கோடை அப்படியே போயிற்று. காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கும். வயசு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நாங்கள் இருவரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 34,000 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும் கரியமில வாயு, இருவர் படுத்த அறை முழுக்க அடைபட்டிருந்தால் மூன்று மணி நேரத்தில் 2,000 பங்கைத் தாண்டிவிடும். 1,000-க்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவான அளவுகோல். இந்த அளவில் அந்த வாயு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அறைக்காற்று மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வியர்வை வாடை, புதுப் பெயிண்டின் நெடி, தும்மலில் வந்த கிருமி எல்லாமே அந்த அறையிலேயே தங்கியிருக்கின்றன. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான்.

சரி, ஜன்னலைத் திறந்தால் கரண்ட் பில் எகிறாதா? இதையும் கணக்குப் போட்டேன். சென்னையின் ஈரமான இரவில் அந்த அறையின் காற்று முழுவதையும் ஒருமுறை மாற்றி மறுபடி குளிர்விக்க, ஏறத்தாழ ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். சுவரும் மெத்தையும் பீரோவும் குளிர்ந்தே இருப்பதால் அறை சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு ரூபாய்க்குள் அடங்கும் செலவு இது. இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் வெண்டிலேட்டரை அடைக்கிறோம். அந்தப் பக்கம் மொட்டைமாடி வழியாக எத்தனையோ யூனிட் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே, தெர்மகோலைப் பிய்த்து எடுங்கள். வெண்டிலேட்டருக்குக் கொசுவலை அடித்து, ஒரு விரல் அகலம் திறந்திருக்கும்படி வையுங்கள். படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் கதவு, ஜன்னல் இரண்டையும் திறந்து ஃபேனைச் சுழலவிட்டு, பிறகு ஏ.சி.யைப் போடுங்கள். விடியற்காலை எழுந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, எட்டு மணி வாக்கில் வெளியே சூடேறும்போது மூடுங்கள். பக்கத்தில் குப்பை எரிகிறது என்றால் மட்டும் இந்த விதியை மறந்துவிட்டு மூடியே வையுங்கள்.

மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தவே கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னல் வலையும் கட்டில் வலையும் இருக்கும்போது அது எதற்கு?

ஏ.சி. பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏ.சி.களைப் போட்டதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். 26-இல் வைத்து மேலே ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவே எடுக்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவுங்கள், அதற்கு மெக்கானிக் வேண்டாம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியின் குறைந்த விலையும் கைவிட்டுப் போகும் என்பதால், மாதம் பாதி ஆனதும் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஹாலிலும் ஏ.சி. ஓடும் வீடுகளில் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். குழாய் வெளியே போகாத சிம்னி எண்ணெயையும் கொஞ்சம் வாடையையும் மட்டும்தான் பிடிக்கும். கேஸ் எரிந்த வாயு வீட்டுக்குள்ளேயே சுற்றும். கரண்ட் போகும் நேரத்துக்காக ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பால்கனியிலோ வராண்டாவிலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உறங்குபவரை அது எழுப்பாது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, சென்னை போன்ற ஈர வெப்ப ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னலின் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. இரண்டு கண்ணாடி நகரும் ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், ஆகவே அதில் பாதியைத்தான் கணக்கில் எடுங்கள். ஜன்னல் ஆர்டர் கொடுக்குமுன் இஞ்சினியரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு நாளைக் காலையே ஒரு சோதனை. எழுந்ததும் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி படுக்கையறைக்குள் வாருங்கள். மூக்கில் புழுங்கல் வாடை அடித்தால், ஏணியை எடுத்துக்கொண்டு வெண்டிலேட்டரைப் பாருங்கள்.