சிறுநீரகக் கோளாறும் இருதய நோயும்

"கொலஸ்ட்ரால் சரியாத்தான் இருக்குன்னு கிளினிக்கில சொல்லிட்டாங்க, இனி இருதயத்துக்குப் பயமில்லை." இப்படி நினைக்கும் சிறுநீரக நோயாளியா நீங்கள்? அப்படியானால் இதை அவசியம் படியுங்கள்.

இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் பல வருடம் அடங்காமல் இருந்தால் சிறுநீரகம் சிறுகச் சிறுகக் கெடும். அப்படிக் கெட்டவர்களில் பலர் டையலிசிஸ் நிலைக்கு வருமுன்பே இருதய நோயால் இறந்துபோகிறார்கள்.

காரணம் என்ன? ரத்தத்தில் ஓடும் கொழுப்பு ஒரே வகையல்ல. எல்.டி.எல். குழாய்ச் சுவரில் படியும். எச்.டி.எல். படிந்ததை அள்ளிக்கொண்டு போகும். அதனால் அதை நல்ல கொழுப்பு என்கிறோம். டிரைகிளிசரைட் மூன்றாவது வகை. சிறுநீரகம் பழுதானால் டிரைகிளிசரைட் சீக்கிரம் கரையாமல் ரத்தத்தில் ஏறிவிடும். நல்ல கொழுப்பு குறையும். இருப்பதும் ஒழுங்காக வேலை செய்யாது. எல்.டி.எல். மட்டும் சாதாரண அளவையே காட்டலாம். ஆனால் அதன் துகள்கள் சிறுத்துப்போய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும். ஆகவே அந்த ஓர் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மருந்து பலன் தருமா? தரும். 2011-ல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில் சுமார் 9,270 சிறுநீரக நோயாளிகள் சேர்ந்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் மருந்து பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தன. அதனால்தான் 50 வயதைத் தாண்டிய சிறுநீரக நோயாளிக்கு, டையலிசிஸுக்கு முன்பே, கொலஸ்ட்ரால் எண் எப்படி இருந்தாலும் டாக்டர்கள் ஸ்டேட்டின் மாத்திரை கொடுக்கிறார்கள்.

டையலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பித்தால் பெரிய பலனில்லை என்று 2005, 2009-ல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. முன்பிருந்தே சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இன்னொன்று: டையலிசிஸ் செய்பவருக்குக் கொலஸ்ட்ரால் மிகவும் இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். உடம்பில் போதிய சத்து இல்லை என்பதற்கும் அது அடையாளமாகலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும்.

2. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். தசை வலி கண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. கருவாடு, ஊறுகாய், கிச்சாப் ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். சாந்தான் ஊற்றிய கறி, பொரித்த பலகாரம் எப்போதாவது போதும்.

4. சிகரெட்டை அடியோடு விடுங்கள்.

நெஞ்சை அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.