முதல் பத்து நிமிடம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கைநழுவும் மதிப்பெண்களில் பல, பாடம் தெரியாமல் போவதில்லை. வினாத்தாளின் குறிப்பைப் படிக்காமல் போகின்றன. கணக்குத் தாளையே பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டோடு விடையையும் எழுதச் சொல்கிறது. வெறும் ‘ஆ’ போதாது. இரண்டு மதிப்பெண்ணில் 28ஆம் வினாவும், ஐந்தில் 42ஆம் வினாவும் கட்டாயம். அந்தந்தப் பகுதியில் எழுத வேண்டிய பத்தில் கட்டாய வினாவும் ஒன்று; அதை விட்டுவிட்டு வேறு பத்துக் கணக்கு போட்டாலும் ஒன்பதுக்குத்தான் மதிப்பெண். வரைபடத்தில் கோடு சரியாக இருந்தும் அளவுத்திட்டம் எழுதாதவர்கள் உண்டு. பட்டுச்சேலை டிசைனைக் கட்டத்தாளில் போடும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு, ஒரு கட்டம் பிசகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘எழுதவே நேரம் போதவில்லை, இதில் படிப்பதற்கு ஏது நேரம்?’ என்பார்கள். பத்து மணிக்கு வினாத்தாள் தந்ததும், படிக்க 10 நிமிடமும் விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடமும் தனியாகவே உண்டு. எழுதும் மூன்று மணி நேரம் 10.15க்குத்தான் தொடங்குகிறது. ‘நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?’ என்றும் கேட்பார்கள். அவசரத்தில் வினா எண்ணை மாற்றி எழுதுவதில் அவர்களும் குறைந்தவர்களில்லை. திருப்புதல் தேர்விலேயே, கட்டாய வினாவை முதலில் தேடும் பழக்கத்தைத் தொடங்குங்கள்.